பத்து சென்ட்: கௌரியம்மா பற்றிச் சில குறிப்புகள்

பள்ளி ஆசிரியருக்கு ஓய்வு வயது உண்டு. பஸ் கண்டக்டருக்கு உண்டு, நீதிபதிக்கும் உண்டு. சட்டமன்ற உறுப்பினருக்குக் கிடையாது. அவரைத் தொகுதி வீட்டுக்கு அனுப்பும். இல்லையென்றால் கட்சி அனுப்பும். இரண்டும் விட்டுவைத்தால் உடம்பு பார்த்துக்கொள்ளும். மாநிலங்களவையில் பதவிக்காலம் முடிந்து போகிறவர்களுக்காவது ஒரு நாள் ஒதுக்கி, கட்சி பார்க்காமல் நாலு நல்ல வார்த்தை சொல்கிறார்கள். மாநிலச் சட்டமன்றங்களில் ஐந்தாண்டு முடிந்தால் தேர்தல், அவ்வளவுதான். தோற்றவர் விடைபெற்றுக்கொள்ளக்கூட அவைக்குத் திரும்பி வருவதில்லை. அவர் பெயர் அங்கே மறுபடி மரியாதையோடு வாசிக்கப்படுவது பெரும்பாலும் இரங்கல் தீர்மானத்தில்தான்.

உயிரோடு இருக்கிற ஒருவருக்கு நன்றி சொல்ல நம் அவைகளுக்கு ஏன் ஒரு முறை அமையவில்லை என்று யோசிக்கும்போது, எனக்கு ஒவ்வொரு தடவையும் கேரளத்துக் கே.ஆர். கௌரியம்மாவின் முகம்தான் வருகிறது.

*

முதலில் கணக்கு. பதினேழு தேர்தல்களில் நின்றார், பதின்மூன்றில் வென்றார். முதல் தோல்வி 1948இல், திருவிதாங்கூரில். கடைசித் தோல்வி 2011இல், சொந்த ஊர்ப்பக்கமான சேர்த்தலையில். அப்போது வயது 91. இரண்டு தோல்விகளுக்கும் நடுவே அறுபத்து மூன்று வருஷம். கேரள மாநிலம் பிறப்பதற்கு முன்பே, திரு-கொச்சி சட்டமன்றத்தில் 1952லும் 1954லும் உறுப்பினர். வென்ற தேர்தல்களில் ஒன்று 1965. அந்த முறை யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் சட்டமன்றம் கூடவே இல்லை. வென்றும் உட்கார இடமில்லை.

2006 மே மாதம் அரூர் தொகுதி அவரைத் தோற்கடித்தது. தோற்கும்போது அவர் வேளாண் அமைச்சர், வயது 86. ஓய்வு என்று ஒரு தேதி போட வேண்டுமானால் அதைத்தான் போட வேண்டும். ஆனால் அவர் அதை ஏற்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து மறுபடி வேட்புமனு கொடுத்தார்.

இதைச் சிலர் பிடிவாதம் என்றார்கள். இருக்கலாம். இடத்தை இளையவர்களுக்கு விட்டுக்கொடுக்காத பெரியவர்களை நமக்கு நிறையத் தெரியும், அவர்களிடம் எனக்குப் பொறுமையும் குறைவு. கௌரியம்மாவிடம் மட்டும் அந்தக் கோபம் ஏனோ வரவில்லை. அவருக்கு இடம் யாரும் கொடுத்துவைத்ததல்ல என்பது காரணமாக இருக்கலாம்.

*

1919 ஜூலை 14ஆம் தேதி, சேர்த்தலைக்குப் பக்கத்தில் பட்டணக்காட்டில் பிறந்தவர். ஈழவக் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. அந்தச் சமூகத்திலிருந்து சட்டப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். சேர்த்தலையில் வக்கீலாக இருந்தார். பக்கத்து ஊரான வயலார், 1946 அக்டோபரில் திருவிதாங்கூர் திவானின் படை சுட்டுத் தள்ளிய ஊர். அந்தச் சுற்று வட்டாரத்தில் கயிற்றுத் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அப்போது எந்தப் பக்கம் திரும்பினார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பி. கிருஷ்ண பிள்ளை வழியாகக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் வந்தார். சிறைக்குப் போனார். போலீஸ் காவலில் வாங்கிய லத்தியடியைப் பற்றிப் பின்னாளில் அவர் சொன்ன கசப்பான ஒரு வாக்கியம் கேரளத்தில் பலருக்கும் மனப்பாடம். அதை இங்கே எடுத்தெழுத மனம் வரவில்லை.

*

1957 ஏப்ரல் 5ஆம் தேதி ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பதினோரு பேர் கொண்ட அமைச்சரவை பதவியேற்றது. அதில் ஒரே பெண் கௌரியம்மா, வருவாய்த்துறை அவருக்கு. அந்த முதல் சட்டமன்றத்தில் பெண்கள் மொத்தம் ஆறு பேர்.

ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 11ஆம் தேதி, ஓர் அவசரச் சட்டம் வந்தது. குத்தகைதாரரையோ குடிகிடப்புக்காரரையோ நிலத்திலிருந்து யாரும் வெளியேற்றக் கூடாது. சாரம் அவ்வளவுதான்.

குடிகிடப்புக்காரர் என்றால், ஜன்மியின், அதாவது நிலக்காரரின், தோப்பில் ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொள்ள விடப்பட்டவர். குடிசை அவருடையது, அது நிற்கிற மண் அவருடையது அல்ல. தேங்காய் விழுந்தால் எடுக்க முடியாது. தோப்புக்காரர் முகம் சுளித்தால் அன்று மாலைக்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பாத்திரம் பண்டங்களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கூலி குறைவு என்று வாய் திறக்காமலிருப்பதற்கும், வீட்டுப் பெண்களுக்கு நேர்வதைப் பார்த்தும் பார்க்காமலிருப்பதற்கும் இதுதான் காரணம். தலைமுறை தலைமுறையாக அடித்துச் சொல்லிக்கொடுத்த பணிவு என்று வெளியே தெரிவது, உள்ளே போய்ப் பார்த்தால் இன்றிரவு எங்கே படுப்பது என்ற பயம்தான்.

புதிய நிலச் சட்டம் எழுதி நிறைவேற்ற வருஷக் கணக்கில் ஆகும் என்பது வக்கீலான அவருக்குத் தெரியும். சட்டம் வருகிறது என்று தெரிந்தவுடன் நிலக்காரர்கள் முந்திக்கொள்வார்கள், சட்டம் வந்து சேரும்போது பயன்பெற வேண்டியவர் நிலத்தில் இருக்கமாட்டார் என்பதும் தெரியும். ஆகவே முதலில் யாரும் யாரையும் நகர்த்தக் கூடாது என்று ஒரு கோடு. மற்றதெல்லாம் பிறகு. இந்த வரிசையைத் தேர்ந்தெடுத்ததில்தான் அந்த அமைச்சரவையின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பின்னால் வந்த பெரிய சட்டத்தை நீதிமன்றங்கள் அறுத்தன, தில்லி திருப்பி அனுப்பியது. இந்தச் சின்ன அவசரச் சட்டம் இல்லாமலிருந்தால் அது கடைசியில் வந்து சேர்ந்தபோது வாங்கிக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

*

அந்தப் பெரிய சட்டத்தின் பயணத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

1957 டிசம்பரில் விவசாய உறவுகள் மசோதாவைக் கௌரியம்மா அவையில் வைக்கிறார். ஒன்றரை வருஷ விவாதத்துக்குப் பிறகு 1959 ஜூனில் நிறைவேறுகிறது. அந்த மாதமே விமோசன சமரம் என்ற பெயரில் அரசுக்கு எதிரான கிளர்ச்சி தெருவுக்கு வருகிறது. ஜூலை 31ஆம் தேதி மத்திய அரசு ஆட்சியைக் கலைக்கிறது. மசோதா குடியரசுத் தலைவரிடமிருந்து திரும்பி வருகிறது; அடுத்து வந்த அரசு திருத்தங்களோடு மறுபடி நிறைவேற்றுகிறது; 1961இல் சட்டமாகிறது. அதே வருஷம் டிசம்பரில் காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தவரை அது செல்லாது என்கிறது உச்ச நீதிமன்றம். காங்கிரஸ் ஆட்சி 1963இல் வேறொரு சட்டம் கொண்டுவருகிறது, பல இடங்களில் நீர்த்துப்போன சட்டம். 1967இல் ஈ.எம்.எஸ். மறுபடி முதலமைச்சர், வருவாய்த்துறை மறுபடி கௌரியம்மாவிடம். 1969 அக்டோபரில் அந்த 1963 சட்டத்துக்குப் பெரிய திருத்தம் நிறைவேறுகிறது. அதே மாதம் அந்த அரசும் விழுகிறது. 1970 ஜனவரி 1ஆம் தேதி, சி. அச்சுத மேனன் முதலமைச்சராக இருக்கும்போது, திருத்தம் அமலுக்கு வருகிறது.

தொடங்கியவர் கையால் முடியவில்லை. இரண்டு தடவையும் சட்டம் நிறைவேறிய சூட்டோடு அவருடைய அரசு போய்விட்டது. நிலம் கொடுத்தவர் யார் என்ற சண்டை கேரளத்தில் இன்னும் ஓயவில்லை. 2020இல் ஐம்பதாவது ஆண்டு கொண்டாடியபோது முதலமைச்சரின் உரையில் அச்சுத மேனன் பெயர் இல்லை என்று அவருடைய கட்சியான இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வெளிப்படையாகவே வருத்தப்பட்டது. எழுதியவரும் அமல்படுத்தியவரும் சேர்ந்துதான் ஒரு சட்டம். இதைச் சொல்ல இத்தனை பெருந்தன்மை தேவைப்படுவது விசித்திரம்தான்.

*

அந்தத் திருத்தத்தில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் குடிகிடப்புக்காரர் பகுதி. குடிசை நிற்கிற மண்ணைச் சந்தை விலையில் ஒரு சிறு பங்கு கொடுத்து அவரே வாங்கிக்கொள்ளலாம். பெரிய நகரம் என்றால் மூன்று சென்ட். மற்ற நகராட்சிகளில் ஐந்து. பஞ்சாயத்தில் பத்து சென்ட்.

பத்து சென்ட் என்பது விவசாயம் பண்ணிப் பிழைக்கிற நிலமல்ல. நாலு தென்னை, ஒரு பலா, கொஞ்சம் மரவள்ளி, ஒரு கிணறு, பின்னால் ஆடு கட்ட இடம். கேரளக் கிராமங்களில் வேலிக்கு உள்ளே தனித்தனியாக நிற்கிற சின்னச் சின்ன வீடுகளைப் பார்த்துவிட்டு, பச்சைப் பசேல் என்று இருக்கிறது என்று வியந்துவிட்டு வருகிறோம். அந்த வேலிகளில் எத்தனையோ வேலி இந்தச் சட்டப் பிரிவு போட்ட வேலி.

குத்தகைதாரருக்குச் சாகுபடி நிலமே கிடைத்தது. ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு உச்சவரம்பு பத்து ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தார்கள். ஆனால் வயலில் இறங்கி வேலை செய்த புலையருக்கும் பறையருக்கும் குத்தகைச் சீட்டு ஏது? அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் அந்த மூன்றும் ஐந்தும் பத்தும்தான். உழுதவர்களில் கீழ்ப்படியில் நின்றவர்களுக்கு நிலம் போய்ச் சேரவில்லை என்று தலித் அறிஞர்கள் சொல்லிவருவது நியாயமான குற்றச்சாட்டு. பாராட்டு மலரில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்க யாருக்கும் தோன்றாது. ஒதுக்கினால்தான் அது பாராட்டு.

*

காசர்கோட்டில் எடநீர் மடம் இருக்கிறது. நிலச்சீர்திருத்தத்தில் மடத்து நிலம் போகிறது என்று அதன் தலைவர் கேசவானந்த பாரதி 1970இல் உச்ச நீதிமன்றம் போனார். பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள். 1973 ஏப்ரல் 24ஆம் தேதி ஏழுக்கு ஆறு என்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றத்தால்கூட மாற்ற முடியாது. இன்று சட்டக் கல்லூரியில் கால் வைக்கிற பிள்ளைகள் முதலில் கற்கிற வழக்குகளில் இது ஒன்று. மடத்து நிலம் மீளவில்லை. கேரளச் சட்டம் நின்றது.

வழக்குப் போட்டவரின் பெயர் நிலைத்துவிட்டது. வாதாடிய பால்கிவாலாவின் பெயரும் நிலைத்துவிட்டது. எந்தச் சட்டத்தை எதிர்த்து அந்த வழக்கு நடந்ததோ, அதை அவையில் நின்று பிரிவு பிரிவாக நடத்திக்கொடுத்த சேர்த்தலை வக்கீலின் பெயரை அந்த வகுப்பில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

*

1957இல் சக அமைச்சர் டி.வி. தாமஸைத் திருமணம் செய்துகொண்டார். 1964இல் கட்சி பிளந்தபோது அவர் ஒரு பக்கம், இவர் மறுபக்கம். 1967 அமைச்சரவையில் இருவரும் இருந்தார்கள், வேறு வேறு கட்சியின் அமைச்சர்களாக. அதற்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை. கௌரியம்மா தன்வரலாறே எழுதிவிட்டுப் போயிருக்கிறார், 2011இல் கேரள சாகித்ய அகாதமி பரிசு பெற்ற புத்தகம் அது.

*

1987 தேர்தலில் கௌரி ஆளப்போகிறார் என்ற முழக்கம் மாநிலம் முழுக்க எழுந்தது. இடது முன்னணி வென்றது. ஈ.கே. நாயனார் முதலமைச்சரானார், கௌரியம்மா தொழில்துறை அமைச்சரானார். திருவனந்தபுரத்தின் டெக்னோபார்க் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். 1994 ஜனவரி 1ஆம் தேதி கட்சி அவரை வெளியேற்றியது. நிலச்சட்டம் அமலுக்கு வந்த அதே தேதி, இருபத்து நாலு வருஷம் கழித்து. ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதி என்று தனிக் கட்சி தொடங்கினார், காலமெல்லாம் எதிர்த்த காங்கிரஸ் அணியில் சேர்ந்தார், அந்த அணியின் அமைச்சரும் ஆனார். 1957 முதல் 2021இல் அவர் கண் மூடும்வரை கேரளத்துக்கு ஒரு பெண் முதலமைச்சர்கூட வரவில்லை.

அவரைப் பற்றிய கட்டுரைகளில் பாதி இந்த இடத்தில்தான் சூடு பிடிக்கும். கோபம், துரோகம், கண்ணீர். எனக்கு இதைவிட இரண்டு வருஷம் தள்ளி நடந்தது பெரிதாகத் தெரிகிறது.

*

ஆதிவாசிகளிடமிருந்து கைமாறிப்போன நிலத்தை மீட்டுக்கொடுக்க 1975இல் கேரளம் ஒரு சட்டம் இயற்றியது. இயற்றியதோடு சரி. அதற்கு விதிகள் எழுதவே 1986 ஆயிற்று. மலைப்பகுதிகளில் குடியேறிய விவசாயிகளின் ஓட்டு இரண்டு அணிக்கும் வேண்டும்; ஆதிவாசிகளின் ஓட்டு எண்ணிக்கையில் சிறியது. 1996இல், கைமாறிய நிலங்களில் பெரும்பகுதியை வாங்கியவர்களுக்கே உறுதி செய்கிற திருத்தம் வந்தது. ஆளும் அணி கொண்டுவந்தது, எதிரணி ஆதரித்தது. இப்படி எல்லோரும் ஒன்றுபடுகிற நாளில்தான் ஓர் அவையை உற்றுப் பார்க்க வேண்டும்.

140 பேர் கொண்ட அந்தச் சட்டமன்றத்தில் எதிர்த்து ஒலித்தது கௌரியம்மாவின் குரல் மட்டும். அப்போது வயது 77. கட்சி என்று பின்னால் பெரிய பலம் கிடையாது. சொந்த அணியே மறுபக்கம் நின்றது. அவர் எதிர்த்ததால் மசோதா நின்றுவிடவில்லை, நிறைவேறியது. பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் போனது. 1999இல் வேறு வடிவத்தில் வேறு சட்டம் வந்தது. ஆதிவாசிகளின் போராட்டம் 2003இல் முத்தங்காவில் போலீஸ் துப்பாக்கிச் சூடு வரை போயிற்று. அப்போது ஆட்சியில் இருந்தது அவர் அமைச்சராக இருந்த அரசு. இதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

ஆனாலும் அந்த 1996ஆம் வருஷத்து எதிர்ப்பு அவைக்குறிப்பில் இருக்கிறது. ஆறு நாளில் அவசரச் சட்டம் கொண்டுவர ஒரு கட்சியின் பலமும் மக்கள் அலையும் பின்னால் இருந்தன. இதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: இந்த மண்ணில் இருப்பவனை யார் நகர்த்தலாம்? முப்பத்தேழு வயதில் சொன்ன பதிலை எழுபத்தேழு வயதில் தனியாக நின்று மறுபடி சொன்னார். ஒரு சட்டமன்ற உறுப்பினரின் நீண்ட வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு நாளை எடுத்துவைக்கச் சொன்னால், நான் பதவியேற்பு நாளை எடுக்கமாட்டேன்.

*

2019இல் நட்சத்திரக் கணக்குப்படி ஜூன் மாதமே நூறாவது பிறந்தநாள் வந்தது. கேரளச் சட்டமன்றம் வாழ்த்துச் சொன்னது. ஆலப்புழையில் நடந்த விழாவை முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். வெளியேற்றிய கட்சியும், சேர்த்துக்கொண்டு பிறகு ஓரமாக உட்காரவைத்த அணியும் சேர்ந்து வந்து மாலை போட்டன. நல்லது. நூறு வயது வரை இருந்தால் இங்கே நன்றி கிடைக்கும். அதற்குக் குறைந்த வயதில் போனவர்களின் பட்டியல் நீளமானது.

2021 மே 11ஆம் தேதி இறந்தார். கொரோனா ஊரடங்கு, கூட்டம் கூட முடியாது. திருவனந்தபுரத்தில் அய்யன்காளி ஹாலில் உடல் வைக்கப்பட்டது. ஆலப்புழையில் கிருஷ்ண பிள்ளையும் தாமஸும் இருக்கிற வலிய சுடுகாட்டில் தகனம்.

*

கடைசியாக ஒன்று. இதில் நம்மவர்கள் வருகிறார்கள்.

1957இல் முதல் கேரளச் சட்டமன்றத்தின் தற்காலிக சபாநாயகராக இருந்தவர் ரோசம்மா புன்னூஸ், தேவிகுளம் தொகுதிக்காரர். அவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது, அவருக்காக மலையேறிப் போய்ப் பாடியவர் நம் பாவலர் வரதராசன். பாட்டைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள். நில உரிமை பேசிய அரசுக்கு அந்த ஓட்டு போய்ச் சேர்ந்தது.

நிலச்சட்டம் வந்தபோது தோட்டங்களுக்கு விலக்கு. உச்சவரம்பு தேயிலைக்கும் காப்பிக்கும் ரப்பருக்கும் கிடையாது. துண்டு போட்டால் உற்பத்தி குலையும் என்பது வாதம். அந்த விலக்கின் காரணமாக மூணாறு மலைகளில் மூன்று, நாலு தலைமுறையாகக் கொழுந்து பறிக்கிறவர்கள் இன்றும் லயம் என்கிற கம்பெனி வரிசை வீட்டில் ஓர் அறையிலும் ஒரு சமையல் மூலையிலும் இருக்கிறார்கள். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று பெண்கள் தாங்களாகவே திரண்டு மூணாறில் ரோட்டை மறித்தபோது தினக்கூலி 232 ரூபாய், 500 கேட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். வேறு இடத்தில் வீடு கட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்க முடியாது. எந்த இடத்தில்?

இதைக் கௌரியம்மாவின் மேல் குற்றமாகச் சுமத்த நான் வரவில்லை. பட்டணக்காட்டுத் தோப்பில் குடிசை போட்டவரும் மூணாறு லயத்தில் இருப்பவரும் ஒரே நிலைமையில்தான் இருந்தார்கள். முன்னவருக்குப் பத்து சென்ட் கிடைத்தது, பின்னவருக்குக் கிடைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு வயது உண்டு. அது வரும்போது லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்குப் போனால்தான் தொடர்ந்து இருக்கலாம். 1957 ஏப்ரல் 11ஆம் தேதி தடைசெய்யப்பட்டது இந்த வெளியேற்றம்தான். கௌரியம்மாவுக்குச் சிலை வைக்கவும் அரங்கத்துக்குப் பெயர் சூட்டவும் யோசிக்கிறவர்கள், அதற்கு முன் தோட்டத்து லயங்களையும் நிலச்சட்டத்துக்குள் கொண்டுவரும் ஒரு திருத்த மசோதாவை அவையில் வையுங்கள். எதிர்ப்பவர் யார் என்று அன்று எண்ணிப் பார்க்கலாம்.